இன்னாசித்தம்பி அண்ணை ஆமோதிக்காத பிரேரணை

கிட்டங்கித் தெருவிலை கூட்டம் எண்டால் தலைவர் வராட்டிலும் பரவாயில்லை, இன்னாசித்தம்பி அண்ணை வரவேணும். ஒருத்தர் பிரேரிச்சால் இன்னொருத்தர் ஆமோதிக்கவேணும், இல்லாட்டில் அது செல்லாது. எங்கடை ஆக்களுக்குப் பிரேரிக்கத் தெரியும். எதிர்க்க அதைவிட நல்லாய்த் தெரியும். ஆனால் அடுத்தவன் சொன்னதை எழும்பி நிண்டு "நான் ஆமோதிக்கிறன்" எண்டு சொல்லவேணுமெண்டால் வயிறெரியும். அந்த வயிறெரிவு இல்லாத ஒரே மனிசன் இன்னாசித்தம்பி அண்ணைதான்.

அவரைச் சொல்லியும் குற்றமில்லை. பெரியகடையிலை ஒரு புடவைக் கடையிலை காலமெல்லாம் சீலை விரிச்சுக் காட்டினவர். "இந்த நிறம் எனக்கு எடுக்குமோ?" எண்டு கேட்ட எந்தப் பெண்ணுக்கும் அவர் இல்லையெண்டு சொன்னதில்லை. நானே அவரின்ரை சொல்லைக் கேட்டு ஒரு மஞ்சள் சீலை வாங்கி, என்ரை மச்சாளின்ரை கலியாணத்திலை பூசணிப்பூ மாதிரி நிண்டனான். அந்தப் பழக்கம் அப்படியே கூட்டங்களுக்கும் வந்திட்டுது. வாசிகசாலைச் சுவருக்கு நீல மை பூசவேணும் எண்டதையும் ஆமோதிச்சு, பூசக்கூடாது எண்டதையும் ஆமோதிச்சு, ரெண்டு பகுதியிட்டையும் தேத்தண்ணி வாங்கிக் குடிச்ச மனிசன் அவர். ஒருக்கால் ஆமோதிச்சுப்போட்டு இருந்த பிறகுதான் பக்கத்திலை இருந்தவரிட்டை "என்னவாம்?" எண்டு கேட்டார்.

எங்கடை தெரு ஒல்லாந்தர் காலத்துத் தெரு, கோட்டைக்குக் கிட்ட. தொண்ணூறாம் ஆண்டு கோட்டைச் சண்டையோடை சனம் எல்லாம் ஓடிட்டுது. திரும்பி வந்து பாத்தால் ஓடு இல்லை, கூரை வளை இல்லை, கதவு இல்லை. சுவர் மட்டும் நிண்டுது, அதைத் தூக்கிக்கொண்டு போக ஏலாதபடியால். தெருவின்ரை கடைசித் தொங்கலிலை சோமசேகரத்தின்ரை பேக்கரி இருந்தது. பாண் சுடுற போறணை இடிஞ்சு, அதுக்குள்ளை ஆடு படுத்துக் கிடந்தது. சோமசேகரம் சாவகச்சேரியிலை, மச்சான் வீட்டிலை. வர ஆசைதான், போறணை இல்லாமல் வந்து என்ன செய்யிறது? வந்த நாங்கள் பத்துப் பன்ரண்டு குடும்பம், விடிய எழும்பி ஆளையாள் பாத்துக் கொட்டாவி விட்டம்.

தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு, உதவி குடுக்கிற நிறுவனம் ஒண்டு ஆள் அனுப்பினது. "இந்தப் பழைய தெருவுக்கு உயிர் வர ஏதாவது ஒரு வேலை செய்து தருவம். என்ன வேலையெண்டு நீங்களே கூடிக் கதைச்சுச் சொல்லுங்கோ" எண்டினம். எங்களைக் கூடிக் கதைக்கச் சொன்னால் போதாதோ! ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் சனசமூக நிலையத்திலை கூட்டம் எண்டு தலைவர் நமசிவாயம் மாஸ்டர் அறிவிச்சார். அவருக்குத் தெருவின்ரை வாசலிலை பெரிய வரவேற்பு வளைவு ஒண்டு கட்டவேணும், அதிலை காலஞ்சென்ற தன்ரை தேப்பன்ரை பேர் இருக்கவேணும். முதல்நாளே இன்னாசித்தம்பி அண்ணை வீட்டை போய், "வழக்கம்போலை நீர்தான்" எண்டு சொல்லிப்போட்டு வந்திட்டார். அண்ணையும் வழக்கம்போலை "ஓம் மாஸ்டர்" எண்டிட்டார்.

ஞாயிறு மத்தியானம் நான் கொஞ்சம் கறிவேப்பிலை வாங்கப் போனால், அண்ணையின்ரை மனிசி மார்கிரட் அக்கா றங்குப்பெட்டிக்குக் கயிறு கட்டிக்கொண்டு நிக்கிறா.

"எங்கையக்கா வெளிக்கிடுறியள்?"

"பருத்தித்துறைக்கு, தங்கச்சி வீட்டை. நாளைக்கு விடிய முதல் தட்டிவானிலை போறன். அங்கை விடிஞ்சால் மீன்காரியோடையாவது சண்டை பிடிக்கலாம். இஞ்சை கதைக்க ஒரு சனமில்லையடி பாலேஸ்வரி, விசர் பிடிக்குது."

"அண்ணை என்ன சொன்னவர்?"

கயிற்றை இழுத்து ஒரு முடிச்சுப் போட்டா பாருங்கோ, பெட்டி கத்தினது. "என்ன சொல்லுறது? நான் ஒரேயடியாய்ப் போறன் எண்டன். 'ஓம்' எண்டார்." அதைச் சொல்லேக்கை அவவுக்குக் கண் கலங்கிப்போச்சு. எனக்கு வந்த கோவத்துக்கு அண்ணை முன்னுக்கு நிண்டிருந்தால் அகப்பைக்காம்பாலை ரெண்டு குடுத்திருப்பன். கடையிலை சீலை விரிச்ச மாதிரியே வீட்டிலையும் நிக்கிறதோ மனிசன்?

பின்னேரம் மார்கிரட் அக்காவை நான்தான் கையிலை பிடிச்சு இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குப் போனன். பெண்டுகளின்ரை வாங்கிலிலை எனக்குப் பக்கத்திலை, முகத்தை உம்மெண்டு வைச்சுக்கொண்டு இருந்தா. மாஸ்டர் தொண்டையைச் செருமி, ஒல்லாந்தரிலை தொடங்கி, தன்ரை தேப்பனிலை முடிச்சு, வளைவைப் பிரேரிச்சார். முடிச்சுப்போட்டு இன்னாசித்தம்பி அண்ணையைப் பாத்தார். சபை முழுக்கப் பாத்தது.

அண்ணை எழும்பினார். வாயைத் திறந்தார். சத்தம் வரேல்லை.

"இன்னாசித்தம்பி, என்னப்பா, தொண்டை கட்டிப்போச்சோ?"

"நான்... ஆமோதிக்கேல்லை மாஸ்டர்."

ஐயோ, கோயிலிலை சாமி இறங்கி வந்து பீடி கேட்டிருந்தாலும் சனம் அப்பிடித் திகைச்சிருக்காது! கதிரையைப் பிடிச்சுக்கொண்டு மனிசன் சொல்லுறார்: "நான் ஒண்டு பிரேரிக்கிறன். சோமசேகரத்தின்ரை போறணையைக் கட்டுவம்."

"போறணையோ? மாவுக்கு எங்கை போறது? அரசாங்கம் தடை போட்டுக் கிடக்கு!" எண்டு பின்னாலை இருந்து ஒருத்தர் கத்தினார்.

"மா கிடைச்ச அண்டைக்குச் சுடுவம். கிடைக்காத அண்டைக்கு, மா வந்ததோ எண்டு கேக்கவாவது சனம் வரும். வளைவுக்குக் கீழை ஆர் வந்து நிக்கப்போகினம்? பாணுக்கு வருவினம். வந்தால் கதைப்பினம்." பிறகு நிலத்தைப் பாத்துக்கொண்டு, "கதைக்க ஆள் இருந்தால் மார்கிரட் போகமாட்டா" எண்டார்.

எங்கடை ஊரிலை ஒரு ஆம்பிளை சபையிலை மனிசியின்ரை பேரைச் சொல்லுறதோ! ஆம்பிளையள் பக்கம் கொல்லெண்டு சிரிச்சுது. மாஸ்டருக்கு முகம் சிவந்துபோச்சு. "உம்மடை மனிசி போறதும் இருக்கிறதும் பொதுச்சபைக்குரிய விஷயமில்லை. சரி, சட்டம் சட்டம்தான். இதை ஆராவது ஆமோதிக்கிறியளோ?"

ஒருத்தரும் அசையேல்லை. எல்லாரும் பழக்கதோஷத்திலை இன்னாசித்தம்பி அண்ணையைத்தான் பாத்தினம். பாவி மனிசன், அவரும் ஆமோதிக்கிறவர் எங்கையெண்டு சுத்திவரப் பாத்தார். ஊருக்கெல்லாம் ஆமோதிச்ச மனிசனுக்கு ஆமோதிக்க ஒரு நாதியில்லை. நான் சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு எழும்பப் பாத்தன். மார்கிரட் அக்கா என்ரை தோளைப் பிடிச்சு அமத்திப்போட்டுத் தான் எழும்பினா.

"நான் ஆமோதிக்கிறன்."

"நீர் நாளைக்கு ஊரை விட்டுப் போறவவாம், நீர் எப்பிடி..." எண்டு மாஸ்டர் தொடங்கினார்.

"ஆர் சொன்னது? இந்த மனிசன் இத்தனை வருஷத்திலை தனக்கெண்டு வாய் திறந்து கேட்டது இது ஒண்டுதான். அதை விட்டிட்டு நான் பருத்தித்துறையிலை போயிருந்து என்னத்தைக் கிழிக்கிறது? எழுதுங்கோ மாஸ்டர், மார்கிரட் இன்னாசித்தம்பி ஆமோதிச்சது எண்டு!"

அதுக்குப் பிறகு பெண்டுகள் வாங்கிலிலை ஒரு கை கீழை இருக்கேல்லை. மனிசிமார் தூக்க, ஆம்பிளையளும் ஒவ்வொருத்தராய்த் தூக்கிச்சினம். வளைவு அண்டோடை சரி. ஆனி பிறக்க முதல் போறணை கட்டி, சோமசேகரம் குடும்பத்தோடை வந்து சேந்திட்டார். மா இல்லாத நாளிலையும் அங்கை வாசலிலை எட்டுப் பேர் நிண்டு அரசியல் கதைச்சினம். மாஸ்டர் பாண் வாங்க வராமல் கொஞ்ச நாள் ரோசத்தோடை இருந்தார், பிறகு வந்தார்.

ஆனால் எனக்கு மறக்க ஏலாதது கூட்டம் முடிஞ்சு வீட்டை நடந்து வந்ததுதான். நான் முன்னாலை, அவை ரெண்டு பேரும் பின்னாலை. மார்கிரட் அக்கா திடீரெண்டு நிண்டிட்டா.

"இஞ்சாருங்கோ. நாப்பது பேருக்கு முன்னாலை சொல்லத் தெரிஞ்சதை வீட்டிலை எனக்கு ஏன் சொல்லேல்லை?"

அண்ணை சால்வைத் தலைப்பைத் திருகினார். "அங்கை சொல்லப் பயமில்லை. வீட்டிலை சொல்லி, நீர் மாட்டனெண்டால் நான் என்ன செய்யிறது?"

"இப்ப சொல்லுங்கோ."

அண்ணை என்னைப் பாத்தார். நான் மதில்பக்கம் திரும்பி நிண்டன்.

"போகாதையும்."

"கேக்கேல்லை."

"போகாதையும், மார்கிரட்! நீர் இல்லாமல் என்னாலை ஏலாது!"

இடிஞ்ச வீடுகளுக்குள்ளை அந்தச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. மார்கிரட் அக்கா மூக்கைச் சீறித் துடைச்சுப்போட்டு, "சரி, வாங்கோ, சோறு ஆறப்போகுது" எண்டு அவரைக் கூட்டிக்கொண்டு போனா.