நான் மொழிபெயர்த்த பௌத்தர்கள்

மொழிபெயர்ப்பு வேலையில் நல்ல பேர் சொன்னவருக்குப் போகும், கெட்ட பேர் மட்டும் நடுவில் நிற்பவருக்கு வரும். மாமியாருக்கும் மருமகளுக்கும் இடையில் கதை கொண்டு திரிந்தவர்கள் உங்களில் இருந்தால், என் பாடு சொல்லாமலே விளங்கும்.

தொண்ணூறுகளின் கடைசியில், முல்லைத்தீவுப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றில் வெளிநாட்டு வைத்தியர்கள் வந்து வேலை செய்தார்கள். நான் யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து வேலையில்லாமல் இருந்தேன். ஆங்கிலம் தெரியும் என்றதும் பிடித்து இழுத்து நடுவில் நிற்பாட்டிவிட்டார்கள். வயிற்றுவலியையும் காய்ச்சலையும் மொழிபெயர்க்கத்தான் என்னை எடுத்தார்கள். ஆனால் எங்கட சனம் மருந்தைக் கேட்கமுதல் ஊரைக் கேட்கும், அடுத்ததாகச் சமயத்தைக் கேட்கும். வந்தவர்களில் சிலர் பௌத்தர்கள். எங்களுக்குத் தெரிந்த பௌத்தமோ சிங்களப் பௌத்தம் ஒன்றுதான், அதுவும் பெரும்பாலும் இராணுவச் சீருடையில்.

மாதாவுக்குப் பிறகு

மிசாகோ ஜப்பான்காரி, மருத்துவிச்சி. நாயாற்றிலிருந்து பிலோமினா அம்மா தன் மகளை முதல் பிரசவத்துக்குக் கூட்டி வந்தா. பிள்ளை கால் பக்கமாகத் திரும்பியிருந்தது. மிசாகோ வயிற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டிருக்க, பிலோமினா அம்மா செபமாலையை உருட்டியபடி என்னிடம், "பிள்ளை, உவ வேதமோ, சைவமோ?" என்றா. வேதம் என்றால் எங்கட பேச்சில் கிறிஸ்தவம். மிசாகோவிடம் கேட்டுச் சொன்னேன்.

"புத்த சமயமாம், அம்மா."

செபமாலை நின்றுவிட்டது. "அப்ப சிங்களத்தியோ?"

"இல்லையம்மா, ஜப்பான்."

"ஜப்பானிலையும் சிங்களமோ கதைக்கினம்?"

"இல்லை, அவைக்கு வேற பாசை. அங்கை கனபேர் புத்த சமயம்தான்."

அவ நம்பவில்லை. மகளின் தோளைப் பிடித்தபடி கட்டிலோடு ஒட்டி நின்றா. காலையில் தொடங்கிய பிரசவ நோ மத்தியானம் தாண்டியும் இழுத்தது. மிசாகோ சாப்பிடவும் போகவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லான "முக்குங்கோ, முக்குங்கோ" என்பதைத் தொண்டை அடைக்கும்வரை சொல்லிக்கொண்டு நின்றா. பொழுதுபட ஒரு பெடியன் பிறந்து வீரிட்டான். மிசாகோவும் அழுதா, நானும் அழுதேன், மொழிபெயர்க்க ஒன்றும் இருக்கவில்லை. பிலோமினா அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டா. "அவவின்ர புத்தருக்கும் ஒரு மெழுகுதிரி கொளுத்துறன் எண்டு சொல்லு, பிள்ளை. ஆனா மாதாவுக்குக் கொளுத்தின பிறகுதான்."

இரண்டு விரல்

டொக்டர் தூன் பர்மாக்காரர். பின்னேரங்களில் சாரம் கட்டிக்கொண்டு கருவாட்டுக் குழம்போடு கையால் குழைத்துச் சாப்பிடுவார். தூரத்தில் பார்த்தால் எங்கட ஆள்தான்.

கந்தையா ஐயா கிளிநொச்சியில் குளத்துத் தண்ணீர் பாய்ச்சி நெல் விதைத்தவர். மகனை இராணுவத்தின் செல்லடியில் இழந்து, வயலையும் விட்டுவிட்டு வந்தவர். சலரோகத்தால், அதாவது நீரிழிவால், வலது காலில் இரண்டு விரல் அழுகியிருந்தது. அவற்றை உடனே எடுக்காவிட்டால் காலையே எடுக்கவேண்டி வரும் என்றார் டொக்டர். ஐயா தலையாட்டிவிட்டு, "டொக்டர் என்ன சமயம்?" என்றார்.

டொக்டர், தான் பௌத்தர் என்றும் சின்ன வயதில் சில மாதம் காவி உடுத்துப் பிக்குவாக இருந்தவர் என்றும் சந்தோசமாகச் சொன்னார். இதை அப்படியே சொன்னால் ஐயா எழும்பிப் போய்விடுவார், கால் போய்விடும். அந்த வேலையில் முதல் தடவையாக மாற்றிச் சொன்னேன். "சைவம் மாதிரித்தான், ஐயா."

டொக்டருக்கு அதற்குள் கொஞ்சம் தமிழ் பிடிபட்டிருந்தது எனக்குத் தெரியாது. அவர் என்னைப் பார்த்தார், பிறகு ஐயாவைப் பார்த்துத் தமிழிலேயே சொன்னார்: "சைவம் இல்லை. புத்தம்."

என் காது சூடாகிவிட்டது. ஐயா தன் காலைப் பார்த்தார், டொக்டரின் கையைப் பார்த்தார். பிறகு காலை நீட்டினார். "இவர் பொய் சொல்லாத மனுசன், வெட்டட்டும். இந்தப் பிள்ளையை மட்டும் கிட்ட விடாதேங்கோ."

ஐயா இரண்டு கிழமையில் தடியூன்றி நடந்து போனார். என்னோடு மட்டும் கடைசிவரை கதைக்கவில்லை.

ஒரு ரீம்

பீற்றர் ஒல்லாந்துக்காரன், எங்கட வாகனங்களுக்குப் பொறுப்பு. முள்ளிவாய்க்காலுக்கு மருந்து கொண்டு போனால், விடிய எழும்பிக் கடற்கரை மணலில் கண்ணை மூடிக்கொண்டு காலை மடக்கிச் சப்பாணி கட்டி இருப்பான். வலை இழுக்க வந்தவர்கள் அவனுக்கு ஏதோ பெருங்கவலை என்று நினைத்து, சுட்ட மீனும் தேத்தண்ணியும் கொண்டு வந்து வைத்தார்கள். அவன் தியானம் செய்கிறான், பௌத்தன் என்று சொன்னேன்.

வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி இம்மானுவேல் அண்ணைக்குப் பொறுக்கவில்லை. "பேர் பீற்றர். பிறகெப்பிடிப் புத்தம்?" பெரியவனான பிறகு தானாகத் தேடிப் போய்ச் சேர்ந்ததாகப் பீற்றர் சொன்னான். அவன் ஊரில் அப்படி எத்தனை பேர் என்று அண்ணை கேட்டார். பீற்றர் விரல்விட்டு எண்ணினான். தன்னோடு சேர்த்துப் பதினொரு பேர். இம்மானுவேல் அண்ணை உண்மையாகவே கவலைப்பட்டார். "ஒரு புட்போல் ரீமுக்குக் காணும். ஆனா ஆரோட விளையாடுறது?"

தொடங்கின வீடு

ஒருநாள் நோயாளிகள் குறைவு. மருந்து கட்டும் சிவராசா அண்ணை, "டொக்டர், உங்கட ஆக்கள் எங்கையெங்கை இருக்கினம்?" என்று கேட்டார். டொக்டர் தூன் மருந்துப் பெட்டி மட்டை ஒன்றைக் கிழித்து அதில் நாடுகளின் படம் கீறத் தொடங்கினார். பர்மா, தாய்லாந்து, லாவோஸ், கம்போடியா, வியட்நாம். மேலே சீனா, கொரியா, ஜப்பான், திபெத், மொங்கோலியா. இடம் காணாமல் மொங்கோலியா மட்டையின் மற்றப் பக்கத்துக்குப் போனது. கீழே எங்கட தீவையும் ஒரு துளியாகப் போட்டார். தென்னிந்தியாவில் தமிழருக்குள்ளும் ஒருகாலம் நிறையப் பௌத்தர்கள் இருந்ததாக நான் என் பங்குக்குச் சொன்னேன்.

"எல்லாம் சரி, தொடங்கின இடம்?" என்றார் சிவராசா அண்ணை.

டொக்டர் இந்தியாவைத் தொட்டுக் காட்டினார். அங்கே இப்போது மிகக் குறைவு என்றும் சொன்னார். சிவராசா அண்ணையின் நான்கு சகோதரங்கள் கனடாவிலும் பிரான்சிலும் நோர்வேயிலும் இருந்தார்கள். அவர் மட்டையை வாங்கிக் கனநேரம் பார்த்துவிட்டுச் சிரித்தார். "இது எங்கட குடும்பம் மாதிரித்தான், டொக்டர். போன இடமெல்லாம் பெருகியிருக்கினம், தொடங்கின வீட்டிலை நான் ஒருத்தன்தான்."

உலகத்துப் பௌத்தர்கள் என்ன சமயம் என்று வன்னிச் சனத்துக்கு விளங்கப்படுத்தியே நான் ஓய்ந்துபோனேன், ஆனால் அத்தனை வருசத்தில் என் சமயம் என்னவென்று ஒருத்தராவது கேட்டிருக்கலாம்.