வயிறு பட்டால் பின்வாங்கும் வண்டி

என் கணவருக்கு முதுகு என்று ஒன்று இருப்பது தெரிய நாற்பத்தாறு வயது ஆயிற்று. அதுவரை அதை மூட்டை வைக்கும் பலகை என்றே நினைத்திருந்தார். கோத்தகிரியில் எங்களுக்கு ஒரு உரக் குடோனும் ஒரு லாரியும் உண்டு. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வரும் உரத்தை இறக்கி வைத்து, சுற்றியுள்ள எஸ்டேட்டுகளுக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது தொழில். முதலாளி என்றால் நாற்காலியில் உட்கார வேண்டும். இவர் லோடுமேன்களோடு போட்டி போட்டுக்கொண்டு மூட்டை சுமப்பார். ஒன்றை முதுகில் வாங்கிக்கொண்டு, இன்னொன்றையும் மேலே போடச் சொல்வார். போகும்போது யாராவது பார்க்கிறார்களா என்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொள்வார். நான் பார்க்க மாட்டேன். எனக்கு ரசனை இல்லை என்று சொல்வார்.

ஒரு நாள் காலையில் செருப்பு மாட்டக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார். மூட்டை தூக்கும்போது ஆகியிருந்தால்கூட ஊரில் சொல்லிக்கொள்ள ஒரு கௌரவம் இருந்திருக்கும். போயும் போயும் செருப்பு. கோயமுத்தூரில் ஆபரேஷன் ஆயிற்று. முதுகெலும்புகளுக்கு நடுவில் இருக்கும் ஜவ்வு பிதுங்கி, இடது காலுக்குப் போகும் நரம்பை நசுக்கிவிட்டதாம்.

"இனிமே கனமா எதையும் தூக்கக் கூடாதுங்க. மறுபடி பிதுங்குச்சுன்னா இந்தக் கால் நடக்கும்னு என்னால சொல்ல முடியாது" என்றார் டாக்டர். இவரிடம் சொல்லவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். விவரமான டாக்டர்.

தினமும் காலையில் இடது காலின் பெருவிரலை மேலே தூக்கச் சொல்லிப் பார்க்கச் சொன்னார். அது ஏறினால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். அன்றிலிருந்து என் நாள் அந்தப் பெருவிரலில்தான் விடிந்தது. ஊரில் மற்ற பெண்கள் எழுந்ததும் சாமி படத்தைப் பார்ப்பார்கள். நான் கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, "ஏனுங்க, தூக்குங்க" என்பேன். விரல் மெல்ல ஏறும். அப்புறம்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன்.

படுத்திருந்த மூன்று மாதத்தில் அவருக்கு ஒரு தொப்பை முளைத்தது. கூடவே யோசனைகளும் முளைத்தன. பாதி மூட்டை தூக்கலாமா, வலது தோளில் மட்டும் தூக்கலாமா என்று நாளுக்கு ஒரு கேள்வி. நான் வீட்டில் இல்லாத நேரம் பார்த்து இவர் குடோனுக்குப் போய் ஒன்றைத் தூக்கிவிடுவார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பதினெட்டு வருடமாக இந்த மனிதனோடு குடித்தனம் செய்கிறேன்.

மறுபரிசோதனைக்குக் கோயமுத்தூர் போன அன்றுதான் அந்த வண்டியைப் பார்த்தேன். ஒரு பெரிய கடையின் பின்வாசலில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. என்னை விடக் குட்டையான ஒரு பெண், ஒரு கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு வெற்றிலை மென்றபடி நடந்து வருகிறாள். அவள் பின்னால் ஒரு டன் எண்ணெய் டின் தானாக உருண்டு வருகிறது. அடியில் இரண்டு இரும்பு நாக்கு, ஒரு பேட்டரி, சின்னச் சக்கரங்கள். சரக்கை அடுக்கியிருக்கும் மரப்பலகைக்கு அடியில் நாக்கை நுழைத்துப் பொத்தானை அமுக்கினால் அத்தனையும் நான்கு விரல் உயரம் எழும்பும். கட்டைவிரலால் விசையை அழுத்தினால் நகரும். எனக்கு அழுகை வந்தது. என் பத்தொன்பதாவது வயதில் எனக்குத் தாலி கட்டியவரின் ஜவ்வை ஒரு கட்டைவிரல் காப்பாற்றியிருக்கும்.

விற்றவர் ஒரு கேள்விதான் கேட்டார். "உங்க ஊர்ல சமதளம் இருக்குங்களா?"

"ஏகப்பட்டது இருக்குங்க" என்றேன். எங்கள் ஊரில் சமதளம் என்றால் எங்கள் குடோன் தரையும் கேரம் போர்டும்தான்.

ஆனால் மலையில் ஒரு வசதி உண்டு. சரிவில் கட்டுவதால் எந்தக் கட்டடத்துக்கும் ஏதாவது ஒரு பக்கம் லாரித் தளத்தின் உயரத்துக்குச் சரியாக வந்துவிடும். அந்தப் பக்கம் லாரியைப் பின்னால் தள்ளி நிறுத்தி, நடுவில் ஒரு இரும்புத் தகட்டைப் போட்டால் பாலம் ஆயிற்று. வண்டியை லாரியிலேயே ஏற்றிக்கொண்டு போய், எஸ்டேட்டில் பலகை பலகையாக வெளியே இழுத்து வைத்துவிடலாம். எல்லாவற்றையும் மனக்கணக்குப் போட்டுத்தான் வாங்கினேன்.

வண்டி வந்த அன்று கங்காணி அதைச் சுற்றி இரண்டு முறை நடந்தார். எங்கள் லோடுமேன்களில் மூத்தவர். அவருடைய தாத்தா இலங்கைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்தவராம். இவர் யாரையும் மேய்த்ததில்லை, பட்டம் மட்டும் கப்பலேறி வந்துவிட்டது. இன்னொரு லோடுமேன் அவருடைய மருமகன். மாமனார் பேசி முடித்தால்தானே அவர் பேச.

"இது நம்ம மலையில ஏலாதும்மா" என்றார் கங்காணி. சொல்லிவிட்டு அதன் சக்கரத்துக்குக் கீழே ஒரு கல்லை வைத்தார்.

இது அவர் தப்பில்லை. மலையில் எது நின்றாலும் அதற்குக் கல் வைக்க வேண்டும். லாரி நின்றால் கல், ஆட்டோ நின்றால் கல். பீரோவைப் படியில் இறக்கினாலும் சரி, கேஸ் சிலிண்டரை இறக்கினாலும் சரி, ஒரு ஆள் கீழ்ப்பக்கம் நின்று மார்பு கொடுத்துத் தாங்க வேண்டும். தாங்குகிறவன் விடக் கூடாது. நடக்கப் பழகும்போதே இங்கே அதைச் சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள்: விடாதே, புடி. விட்டவன் மேல் ஊருக்கே கோபம் வரும், பொருள் எங்கே போய் நின்றது என்று பார்த்த பிறகு.

இந்த வண்டியோ நேர்மாறு. கைப்பிடியை விட்டுவிட்டால் அது தானாக நிமிர்ந்து பிரேக் பிடித்து, பாறை கணக்காக நின்றுவிடும். பயந்து இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரல் விசையில் அழுந்தி இன்னும் வேகமாக வரும். வண்டியோடு வந்த ஆள் இதை மூன்று முறை சொன்னார்.

"விட்டா நிக்குமா? அதெப்படி, ஏறுக்குமாறா இருக்குதே" என்றார் என் கணவர்.

கைப்பிடியின் நுனியில் ஒரு பெரிய சிவப்புப் பொத்தான். இழுத்து வருகிறவர் சுவரில் போய் முட்டிக்கொண்டால், பொத்தான் அவர் வயிற்றில் அழுந்தும். உடனே வண்டி பின்னால் துள்ளி விலகி நின்றுவிடும். உயிர் காக்கிற பொத்தான் என்றார் வந்தவர். என் கணவருக்குச் சுவரே தேவைப்படவில்லை. கைப்பிடியைப் பிடித்து முதல் அடி வைப்பார், தொப்பை முந்திக்கொண்டு பொத்தானில் படும், வண்டி அவரை விட்டு ஓடும். மறுபடி பிடிப்பார், மறுபடி ஓடும். மருமகன் மூட்டைக்குப் பின்னால் போய் உட்கார்ந்து சிரித்தார். அவர் குரலை நான் கேட்டதே அன்றைக்குத்தான்.

"இது என்னைக் கண்டா ஆகாதுங்குது" என்று கோபித்துக்கொண்டு என் கணவர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆக, வண்டி என் கைக்கு வந்தது. லாரி ஓட்டலாம் என்று டாக்டர் சொன்ன பிறகு அவர் ஓட்டுவார், நான் பக்கத்தில் உட்காருவேன், லோடுமேன்கள் இருவரும் பின்னால். எஸ்டேட்டில் இறங்கியதும் அவருக்கு வேலை முடிந்தது. நான் முதலில் லாரித் தளம் மட்டமாக இருக்கிறதா என்று பார்ப்பேன். சரிந்திருந்தால் பள்ளத்துப் பக்கச் சக்கரங்களுக்குக் கீழே கட்டைகளைப் போட்டு, அதன் மேல் லாரியை ஏற்றச் சொல்லி மட்டம் பார்த்த பிறகுதான் வண்டியைத் தொடுவேன். மட்டம் பார்க்க ஒரு தண்ணீர் பாட்டிலைப் படுக்க வைப்பேன். அது உருளக் கூடாது. ஒரு டன் உரத்தை நான் சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு நடத்திக்கொண்டு போவதை எஸ்டேட்காரர்கள் கொழுந்து நிறுக்கிறதை விட்டுவிட்டு வந்து பார்ப்பார்கள்.

"என்னங்கண்ணா, அக்கா லோடு எறக்குறாங்க, நீங்க ரெஸ்ட்டுங்களா?" என்று ஒரு ஸ்டோர்கீப்பர் கேட்டார். இவர் லாரிக் கண்ணாடியைத் துடைத்தார். சுத்தமான கண்ணாடி.

எனக்கு அப்போது பாவமாக இருந்தது. அதே வாரம் ஒரு எஸ்டேட்டில் நான் சரக்குச் சீட்டில் கையெழுத்து வாங்கித் திரும்புகிறேன், இவர் கிழிந்த மூட்டை ஒன்றைத் தோளில் ஏற்றப் போகிறார். பாவம் போய்க் கொலைவெறி வந்தது. அத்தனை பேர் நடுவில் கத்தினேன். "அந்தக் கால் போச்சுன்னா நான்தானுங்க உங்களைத் தூக்கோணும். நீங்க ரெண்டு மூட்டை கனம், தெரியுமுங்களா?" வீட்டு வாசலில் லாரியை நிறுத்திவிட்டு, "செரி அம்முணி, அந்தக் கழுதையவே ஓட்டிப் பழகறேன்" என்றார்.

பழகினார். தொப்பையைக் குறைக்க நான் காலையில் ராகிக் கஞ்சி, மதியம் கைப்பிடிச் சோறு என்று திட்டம் போட்டேன். அவர் முதுகை வளைக்காமல், வயிற்றை உள்ளே இழுத்துப் பிடித்துக்கொண்டு நடக்கக் கற்றுக்கொண்டார். குடோன் தரையில் ஒரு மாதத்தில் என்னை விட நன்றாகத் திருப்பினார். விட்டால் நிற்கும் என்பதை மட்டும் கை ஒப்புக்கொள்ளவில்லை. நிறுத்தும்போது அவரே வேகத்தைக் குறைத்து, நின்ற பிறகும் பிடித்துக்கொண்டிருப்பார். போகப் போகச் சரியாகிவிடும் என்று நானும் விட்டுவிட்டேன். அது என் தப்பு.

கீழ் கோத்தகிரிப் பக்கம் ஒரு எஸ்டேட். மழை விட்டதும் உரம் போடுவதற்காக நான்கு பலகை கேட்டிருந்தார்கள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஸ்டோர்கீப்பர் என்னை உள்ளே கூப்பிட்டு, போன தடவை வந்த மூட்டையில் உரம் கட்டிபட்டிருந்ததாகப் புகார் சொன்னார். நான் பதில் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் இவர் லாரியைப் பின்னால் தள்ளி நிறுத்தி, தகட்டைப் போட்டு, வண்டியோடு உள்ளே போய்விட்டார். கட்டை போடவில்லை. பாட்டில் வைக்கவில்லை. லாரியின் மூக்கு மேட்டில் இருந்தது, தளம் எஸ்டேட் குடோனைப் பார்த்துச் சரிந்திருந்தது. இவர் முன்னால், அதாவது பள்ளத்தில். ஒரு டன் பின்னால், அதாவது மேட்டில்.

நான் சத்தம் கேட்டுத் திரும்பினேன். தகடு ஈரத்தில் கிறீச்சிட்டது. இவர் முகம் எங்களைப் பார்த்து இருந்தது, கால்கள் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் மூட்டைகள் வந்துகொண்டிருந்தன.

"முதலாளி, விட்டுறாதீங்க! புடிங்க!" என்று கங்காணி அலறினார்.

"விடுங்க! கைய விடுங்க!" என்று நான் அலறினேன்.

அவர் யார் பேச்சைக் கேட்பார்? மலையில் பிறந்த கை. சட்டென்று திரும்பி, நெஞ்சை வண்டிக்குக் கொடுத்து, இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தார். கட்டைவிரல் விசையில் அமுங்கியது. தகட்டைத் தாண்டிக் குடோன் சமதளத்துக்கு வந்த பிறகும் அது நிற்கவில்லை, அவரைத் தள்ளிக்கொண்டே போனது. அவருக்குப் பின்னால் கருங்கல் சுவர். பெருவிரல், பெருவிரல் என்று மட்டும் மனதில் ஓடியது.

முதுகு சுவரில் முட்டியது. அடுத்த கணம் தொப்பை பொத்தானில் முட்டியது.

வண்டி ஒரு முழம் பின்னால் துள்ளி நின்றது. மேல் வரிசையிலிருந்து இரண்டு மூட்டை சரிந்து விழுந்தது. ஒன்று வெடித்து, தலையிலிருந்து கால் வரை யூரியா கொட்ட இவர் வெள்ளையாக நின்றார். கைகள் இன்னும் காற்றில் எதையோ பிடித்திருந்தன.

நான் போய் அவர் காலடியில் உட்கார்ந்து இடது காலின் பூட்ஸை உருவினேன். முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்தேன். சாக்ஸைக் கழற்றினேன்.

"தூக்குங்க."

"அம்முணி, எல்லாரும் பாக்கறாங்க."

"தூக்குங்கன்னு சொன்னேன்!"

விரல் ஏறியது. நான் அந்தக் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். ஸ்டோர்கீப்பர் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு கூரையைப் பார்த்தார். அழுது முடித்ததும் திட்ட ஆரம்பித்தேன், அவர் வம்சத்தில் யாரையும் மிச்சம் வைக்கவில்லை. அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார்.

விழுந்த மூட்டைகளில் ஒன்று முழுதாக அவர் காலருகே கிடந்தது. பழக்க தோஷம், இடுப்பு பாதி வளைந்து ஒரு கை அதன் காதைப் பிடித்துவிட்டது. நான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு விரல்களை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"கங்காணி, நீங்க எடுங்க" என்றார்.

சக்கரத்துக்குக் கட்டை போட்டு, பாட்டிலைப் படுக்க வைத்து, மீதி மூன்று பலகையையும் நானே இறக்கினேன். வழியில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட உட்கார்ந்தோம். கைப்பிடிச் சோறு போதும் என்று இலையில் கையை மறித்தார். அந்தக் கையை விலக்கிவிட்டு, பரிமாறுகிறவரிடம் இன்னும் இரண்டு கரண்டி போடச் சொன்னேன்.

"கஞ்சி குடிச்சுத் தொப்பையக் கொறைக்கச் சொன்னியே?"

"நாளைக்குக் கொறச்சுக்கலாமுங்க. இன்னைக்கு அதுக்கு நல்லாப் போடுங்க."