தங்கச்சி தேவை

அந்த அறிவிப்பைப் படித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். “தங்கச்சி தேவை. வயசு இருபத்தஞ்சுக்குள்ள. வாய் கொஞ்சம் நீளமா இருந்தாலும் பரவால்லலா.” பெண் தேவை, மாப்பிள்ளை தேவை என்று பத்திரிகையில் பார்த்திருக்கிறேன். தங்கச்சிக்கு விளம்பரம் கொடுத்த ஆளை அன்றுதான் பார்த்தேன்.

அறிவிப்பு இருந்தது ஒரு கணினி விளையாட்டுக்குள். விளையாட்டு என்றால் ஜெயிப்பது, தோற்பது, சுட்டுத் தள்ளுவது எதுவும் இல்லை. அதற்குள் ஒரு நகரம் இருக்கும். ஆளுக்கொரு பாத்திரத்தை உருவாக்கிக்கொண்டு, அந்த ஆளாகவே அங்கே கடை வைக்கலாம், வேலைக்குப் போகலாம், சண்டை போட்டுச் சமாதானம் ஆகலாம். மலேசியாவில் அங்கங்கே இருந்த தமிழ் ஆட்கள் சிலர் சேர்ந்து நடத்திய நகரம் அது. மைக்கில் பேசக் கூடாது என்பது எங்கள் வழக்கம். பேச்சு, செயல் எல்லாம் எழுத்தில்தான். முக்கால்வாசிப் பேர், பேசினால் அடுத்த அறையில் கேட்கிற வீடுகளில் இருந்தவர்கள்.

நானும் அப்படித்தான். பீடோங் பக்கத்தில் ஒரு தாமானில் வரிசை வீடுகளில் ஒன்று, பின்வாசலைத் திறந்தால் செம்பனை மரங்கள். என் கணவரைப் பெற்ற மாமா, அத்தையின் வீடு அது. கல்யாணமான இரண்டாம் வருஷம், வேலை முடிந்து மோட்டார் சைக்கிளில் திரும்பியவர்மேல் லாரி மோதியது. அவர் போன பிறகு எனக்குப் போக இடம் இல்லை. அம்மா வீட்டில் அண்ணன் குடும்பத்துக்கே இடம் போதவில்லை. அத்தை என்னைப் போகச் சொல்லவில்லை, நானும் போகிறேன் என்று சொல்லவில்லை; அப்படியே இருந்துவிட்டேன். அத்தை நல்லவர். அதுதான் சிக்கலே. கெட்டவராக இருந்திருந்தால் ஒருநாள் வாய்ச்சண்டை போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கியிருப்பேன். வேலையிலிருந்து வருகிறவளை “பசியாறிட்டியாம்மா?” என்று கேட்பவரிடம் என்னத்தைச் சண்டை போடுவது?

கூலிம் ஹைடெக் பூங்காவில் ஒரு தொழிற்சாலையில் வேலை. விடியும் முன் பஸ் வந்து ஏற்றிக்கொள்ளும். உள்ளே போனால் தலை முதல் கால்வரை வெள்ளை உடை, கண் மட்டும்தான் தெரியும். தூசி ஆகாது என்பதால் பவுடரோ பொட்டோ யாருக்கும் கிடையாது. அந்த ஒரு இடத்தில் நானும் மற்ற பெண்களும் ஒன்றுபோல இருந்தோம். ஆனால் இயந்திரச் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. வீட்டுக்கு வந்து, சமையலுக்கு முன்னால் கிடைக்கிற நேரத்தில், அவர் விட்டுப்போன கணினியைத் திறப்பேன். அப்படித்தான் அந்த நகரத்துக்குக் குடிபோனேன்.

பாத்திரத்தை உருவாக்க விண்ணப்பம் எழுத வேண்டும். என்ன தொழில், எதற்குப் பயப்படுவாய், உன் குறை என்ன என்றெல்லாம் கேட்பார்கள். குறையே இல்லாத பாத்திரத்தை நகரத்தின் நடத்துநர் திருப்பி அனுப்பிவிடுவார். நான் கார் பழுது பார்க்கிற பெண் ஒருத்தியை எழுதினேன். வயது இருபத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை, குறை கோபம். அந்தக் கடைசி விஷயம் மட்டும்தான் நிஜம்.

புதிதாக வருகிறவர்கள் எல்லாரும் அநாதையைத்தான் உருவாக்குவார்கள். அம்மா இல்லை, அப்பா இல்லை, யாருக்கும் பதில் சொல்ல வேண்டாம், தலையில் கை வைக்க ஆளில்லாத வீரன். நகரம் முழுக்க அநாதைகள் நிறைந்துபோய், ஒரு கல்யாணம் காட்சி என்றால் சொந்தக்காரர்கள் குதிரைக்கொம்பாகிவிட்டார்கள். அதனால்தான் அந்த அறிவிப்பு. போட்டவர் நகரத்தில் டாக்சி ஓட்டுகிறவர். “வாய் நீளந்தான். சம்பளம் எவ்ளோ?” என்று எழுதினேன். அன்று முதல் அவருக்குத் தங்கச்சி ஆனேன்.

எங்களுக்குள் பெரிய விதி ஒன்றுதான். உள்ளே, வெளியே என்று சொல்வோம். உள்ளே நடப்பது உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே நீங்கள் யார், எந்த ஊர், குடும்பம் இருக்கிறதா என்பதை நீங்களாகச் சொல்லாமல் யாரும் கேட்கக் கூடாது. தெரிந்தாலும் உள்ளே அதைக் காட்டிக்கொள்ளக் கூடாது. எங்கள் ஊரில் பஸ்ஸுக்குக் காத்திருந்தால்கூட பக்கத்தில் இருப்பவர், “கல்யாணம் ஆச்சா? எத்தன பிள்ள?” என்றுதான் தொடங்குவார். கேட்காமல் இருப்பதும் ஒரு மரியாதை என்று நான் கண்டது அங்கேதான். அந்த மரியாதைக்காக நான் அந்த நகரத்தில் உயிரையே கொடுத்திருப்பேன்.

பிறகு டாக்சிக்கார அண்ணனுக்குக் கல்யாணம் வந்தது. பெண், நகரத்தில் தையல்கடை வைத்திருந்தவள். எல்லாம் எழுத்தில்தான் என்றாலும் மாலையிலிருந்து பந்திவரை எதையும் விடவில்லை. தாலியின் முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போட, மூன்றாவதை அவன் கூடப்பிறந்தவள் போட வேண்டும். “தங்கச்சி மூன்றாவது முடிச்சைப் போடுகிறாள். இழுத்து இறுக்குகிறாள்” என்று எழுதினேன். என் கணவர் போன நாள்முதல் எந்தக் கல்யாணத்திலும் என்னை மணவறைப் பக்கம் அழைத்ததில்லை. அடுத்த அறையில் அத்தை தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தார். சத்தம் வராமல் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

கதையோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும். டாக்சிக்காரரும் தையல்காரியும் வெளியேயும் பேச ஆரம்பித்தார்கள். அவர் அலோர் ஸ்டாரில் ஒரு கார் உதிரிபாகக் கடையில் வேலை செய்பவர். அவள் சுங்கைப் பட்டாணியில் பாலர்பள்ளி ஆசிரியை. இரண்டு வீட்டிலும் சம்மதித்துவிட்டார்கள் என்று எனக்குத்தான் முதலில் எழுதினார். வெளியே நான் அவரைவிட மூத்தவள் என்று தெரிந்ததும் அக்கா ஆக்கிவிட்டார்.

“மூணாவது முடிச்சு நீங்கதான்க்கா போடணும். எனக்குக் கூடப்பொறந்தது யாரும் இல்ல. உள்ள போட்ட மாதிரி வெளியவும் நீங்களே போட்டுருங்க.”

கணவர் இல்லாதவள் நான் என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எனக்கிருந்த அந்த ஒரு நகரமும் போய்விடும். சொல்லாவிட்டால் மணவறையில் நிற்கலாம். எனக்கு நிற்க ஆசையாக இருந்தது, அவ்வளவுதான். “பாப்போம்லா” என்று எழுதினேன். பத்திரிகை வைக்க முகவரி கேட்டார். தபாலில் வரும் என்று நினைத்துக் கொடுத்தேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன். கூடப்பிறந்தவளுக்கு யாராவது தபாலில் பத்திரிகை அனுப்புவார்களா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் காடி வந்து நின்றது. இரண்டு பேரும் தாம்பாளத்தோடு இறங்கினார்கள். பழம், வெற்றிலை, பத்திரிகை, குங்குமச்சிமிழ். கூடத்தில் என் கணவரின் படம் மாலையோடு மாட்டியிருந்தது, கீழே சின்ன சிவப்பு விளக்கு. அதை மறைக்க எனக்கு நேரம் இல்லை. நேரம் இருந்தாலும் எதைக்கொண்டு மறைப்பது? அந்தப் பெண் அத்தைக்குத் தாம்பாளத்தைக் கொடுத்துக் காலில் விழுந்தாள். சிமிழை நீட்டினாள். அத்தை எடுத்து வைத்துக்கொண்டார். பிறகு அந்தப் பெண் முகமெல்லாம் சிரிப்பாகச் சிமிழோடு என் பக்கம் திரும்பினாள்.

“அவ வச்சுக்க மாட்டாம்மா,” என்றார் அத்தை. “செத்துப்போன என் பிள்ளையோட சம்சாரம்.”

எனக்குச் சீனி ஆகாது என்று சொல்வதுபோல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னார். அந்தப் பெண் சிமிழை மூடினாள். டாக்சிக்காரர் படத்தைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார். பால் சேர்க்காத தேநீர், தே ஓ, போட்டுக் கொடுத்தேன், குடித்தார்கள். முடிச்சைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. “கட்டாயம் வந்துருங்கக்கா” என்று இரண்டு பேரும் சேர்ந்தே சொல்லிவிட்டுப் போனார்கள்.

மறுநாள் டாக்சிக்காரர் எழுதியிருந்தார். “அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பெரியம்மா மக ஒருத்தி ஈப்போவுலேர்ந்து வரா. அவ போட்டா போதும்னு வீட்ல சொல்றாங்க. எனக்கு ஒண்ணும் இல்லக்கா.”

“அதுதான் மொற. நானே சொல்லணும்னு இருந்தேன்” என்று பதில் போட்டேன். எனக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லாத ஒருத்தரை நான் இதுவரை பார்த்ததில்லை. யாருக்கும் ஒன்றும் இல்லை. ஆனாலும் எல்லாக் கல்யாணத்திலும் நான் சாமான் அறையில்தான் நிற்கிறேன்.

அலோர் ஸ்டாருக்கு ரயிலில் போனேன். பின்வரிசையில் உட்கார்ந்து, அங்கிருந்தே அட்சதை போட்டு, சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன். போகாமல் இருந்தால் அதற்கும் ஒரு பேச்சு வரும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? வலிக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் வெளியே இது எனக்குப் பழக்கம். வீட்டுக்குப் போய் கணினியைத் திறந்தால் நான் இன்னும் கார் பழுது பார்க்கிற கல்யாணமாகாத வாயாடி. அதை நினைத்துக்கொண்டே ரயிலில் வந்தேன்.

கொஞ்ச நாளிலேயே உள்ளே ஏதோ மாறியிருப்பது தெரிந்தது. பழக்கடை வைத்திருந்த அம்மா ஒருத்தி என் மெக்கானிக் பெண்ணுக்குக் கண்ட இடத்திலெல்லாம் மாப்பிள்ளை பார்ப்பாள்; அது ஓயாத வேடிக்கையாக இருந்தது. அவள் அதை நிறுத்திவிட்டாள். வொர்க்ஷாப்பில் வந்து வம்பிழுக்கிற பையன்கள் மரியாதையாக வணக்கம் வைத்தார்கள். யாரும் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. விதிப்படி கேட்கக் கூடாதல்லவா? புதுமணத் தம்பதிதான் யாரிடமோ சொல்லியிருக்க வேண்டும். கெட்ட எண்ணத்தில் இல்லை, பாவம் அந்த அக்கா என்று இரக்கப்பட்டுத்தான் சொல்லியிருப்பார்கள்.

சில மாதம் கழித்துத் தையல்காரிக்கு வளைகாப்பு வந்தது. கதைப்படி அவள் மாசமாக இருந்தாள். நாத்தனார் என்ற முறையில் முதல் வளையல் நான் போட வேண்டியது. வேலையிலிருந்து வந்ததும் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்தேன்; விளையாட்டுக்குக் குளிக்கிறவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். பழக்கடை அம்மாவை அழைத்தார்கள். அடுத்து நர்ஸாக இருப்பவளை. அடுத்து நேற்று சேர்ந்த ஒருத்தியை. நான் காத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பழக்கடை அம்மா எழுதினாள்: “தங்கச்சி, நீ போயி பந்தியக் கொஞ்சம் பாத்துக்கிறியாம்மா?”

இந்த வாக்கியத்தை நான் எத்தனை வீடுகளில் கேட்டிருக்கிறேன்! இப்படித்தான் கேட்பார்கள், இதே அன்போடு. ஒருத்தரைத் தள்ளி நிறுத்த வேண்டுமென்றால் கையில் ஒரு வேலையைக் கொடுத்துவிடுவார்கள்.

அந்த நகரத்தில் ஒருவர் தன் செயலை மட்டும்தான் எழுதலாம். வளையலை நீட்டலாம், அவள் போட்டுக்கொண்டாள் என்று அவள்தான் எழுத வேண்டும். அடுத்தவர் கையை நாம் அசைப்பது பெரிய அநாகரிகம். தெரிந்தேதான் எழுதினேன். “தங்கச்சி தட்டிலிருந்து வளையலை எடுத்து, அண்ணியின் கையைப் பிடித்துப் போட்டுவிடுகிறாள்.”

நடத்துநர் உடனே தனியாக எழுதினார். “தங்கச்சி, அடுத்தவங்க கைய நீங்க எழுதக் கூடாது. இது எச்சரிக்கை. அந்த வரிய அழிச்சிடுங்க.”

“என் பாத்திரத்துக்குக் கல்யாணம் ஆச்சா இல்லையா? விண்ணப்பத்தப் பாத்துச் சொல்லுங்க.”

“ஆகல.”

“அப்ப நாத்தனார ஏன் பந்திக்கு அனுப்புறாங்க?”

அதற்கு இப்படி வந்தது. “அக்கா, வெளிய உள்ளத உள்ள கொண்டு வராதீங்கலா.”

அவர் என்னை அக்கா என்று அழைத்தது அன்றுதான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கொண்டு வந்தது நானா? கதவைத் திறந்து உள்ளே விட்டவர்கள் நீங்கள், பழி என்மேலா? பக்கம் பக்கமாகத் தட்டினேன். நல்ல வார்த்தை ஒன்றுகூட அதில் இல்லை. அனுப்பப் போகிற நேரத்தில் தையல்காரி தனியாக எழுதினாள்.

“அக்கா, உள்ள மட்டும் இல்லக்கா. எனக்கு நெசமாவே நாள் தள்ளிப் போயிருக்கு. போன தடவ தங்கல. அம்மாகிட்டகூட இன்னும் சொல்லல. நான் இதெல்லாம் நம்புறவ இல்லக்கா. ஆனா பயமா இருக்கு. அந்த வரிய அழிச்சிடுங்க, உங்க கால்ல விழுந்து கேக்குறேன்.”

இதற்கு என்ன சண்டை போடுவது? மறுபடியும் ஒரு நல்ல மனுஷி. நான் எழுதிய ஒரு வரியைப் பார்த்து வயிற்றில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். என்மேல் எனக்கே பயம் வந்தது. அந்தப் பயத்தை எனக்குக் கொடுத்ததற்காக அவர்கள் யாரையும் நான் மன்னிக்கப் போவதில்லை.

தட்டிவைத்த வசவை எல்லாம் அழித்தேன். வளையல் போட்ட வரியையும் அழித்தேன். அந்த இடத்தில், “தங்கச்சி சிரித்துக்கொண்டே பந்தியைப் பார்க்கப் போகிறாள்” என்று எழுதினேன்.

ஒரு வரி பிடித்திருந்தால் அதன்கீழே இதயம் போடுவார்கள். பழக்கடை அம்மா போட்டாள். நர்ஸ் போட்டாள். டாக்சிக்கார அண்ணன் போட்டார். கடைசியாகத் தையல்காரியும் போட்டாள். நான் அந்த நகரத்தில் எழுதிய எந்த வரிக்கும் அத்தனை பேர் போட்டதில்லை.

“ரொம்ப இயல்பா இருந்துச்சு, தங்கச்சி,” என்று நடத்துநர் எழுதினார்.