இருபது மெகாபைட்டும் ஒரு காலித் தொட்டியும்

எண்பதுகளின் பிற்பகுதியில் எங்கள் தேயிலைத் தோட்ட ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் வந்தபோது அதை என் பொறுப்பில் விட்டார்கள். அதற்கு முன் ஆறு வருடம் ஆலையில், கொழுந்து வாட்டும் மாடியில் பதிவெழுதியவள் நான். ஆபீசின் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணிக்கு இது பிடிக்கவில்லை. "ஒரு தப்பு வரட்டும், மிஷின் என் மேசைக்கு வந்துரும்" என்று என் காதுபடவே சொன்னார். சொல்லட்டும் என்று இருந்தேன். மிஷினை விட்டுக்கொடுக்கும் எண்ணம் மட்டும் எனக்குத் துளியும் இல்லை.

கொழுந்தின் எடையைப் பதியும் புரோகிராம் கீழே டவுனிலிருக்கும் தலைமை ஆபீசிலிருந்து ஏழு பிளாப்பி டிஸ்குகளில் வரும். மழைக்காலத்தில் மலைப்பாதையில் மண் சரிந்தால் யாரும் இறங்க முடியாது. அதனால் ஒரு பிரதியை எங்கள் கம்ப்யூட்டருக்குள் வைத்திருப்போம். மேலேயுள்ள மற்ற மூன்று தோட்டத்துக் கிராணிகளும் எங்களிடம் வந்து எடுத்துக்கொள்வார்கள். உள்ளே இருந்த ஹார்ட் டிஸ்கில் இடம் மொத்தமே இருபது மெகாபைட். எங்கள் பதிவுகளே பாதியை அடைத்துக்கொள்ளும். மீதியில் ஒரு பிரதி நெருக்கியடித்து உட்காரும். "போதுமா?" என்று தோட்டத்தை நடத்தும் துரை கேட்டபோது, "தாராளமா போதும் தொரை" என்று சொன்னவள் நானேதான்.

ஒரு நாள் லாரியில் புதிய புரோகிராம் வந்தது. பழைய டிஸ்குகளை அதே லாரி திருப்பி எடுத்துப் போனது. பனியில் புது டிஸ்க் பெட்டியெல்லாம் ஈரம். எங்கள் மலையில் ஈரமான எதையும் ஆலைக்குக் கொண்டுபோய், தேயிலை காயும் அடுப்புக்குப் பக்கத்தில் வைப்பதுதான் வழக்கம். பள்ளிக்கூடப் புத்தகம், காலில் போடும் சப்பாத்து, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கேதான் காயும். டிஸ்குகளையும் அங்கே வைத்தேன்.

மறுநாள் காலை, இடம் வேண்டுமே என்று கம்ப்யூட்டரிலிருந்த பழைய பிரதியை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற ஆரம்பித்தேன். நான்கு டிஸ்குகள் ஒழுங்காக ஏறின. ஐந்தாவதை மிஷின் படிக்கவே இல்லை. எடுத்துப் பார்த்தால் சூட்டில் அப்பளம் போல வளைந்திருந்தது. இப்போது பழையதும் இல்லை, புதியதும் இல்லை.

அந்த நேரம் பார்த்துக் கோலா தெர்லா ஊர்ப் பக்கத்துத் தோட்டத்துக் கிராணி காய்கறி லாரியில் வந்து இறங்கினார். கையில் பிஸ்கட் டின், அதற்குள் ஏழு டிஸ்க்.

"என்னா தங்கச்சி, புதுசு வந்துருச்சாமே. இதுல பழசு இருக்கு, அழிச்சிட்டு ஏத்திக் குடுலா."

"அண்ணே, அத அழிக்கக் கூடாது. மொதல்ல இப்படிக் குடுங்க."

அழிக்கக் கொண்டுவந்த டிஸ்குகளிலிருந்தே பழையதைத் திரும்ப ஏற்றிக்கொண்டேன். விஷயம் தெரிந்ததும் அவர் சிரித்தார். "நான் யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்" என்றார். அந்தச் சலுகை எனக்கு வேண்டாம். நேராகத் துரையிடம் போனேன்.

எங்கள் துரை தமிழர்தான். ஆனாலும் துரை துரைதான். பெரிய கிராணியும் அங்கே நின்றிருந்தார். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். இடம் போதும் என்று நான் சொன்னது தப்பு, இரண்டு மடங்கு இடமுள்ள ஹார்ட் டிஸ்க் வேண்டும் என்றும் கேட்டேன்.

"சூட்டுல வச்சுக் கெடுத்தது நீ. அதுக்கு எதுக்குப் பெரிய டிஸ்க்?" என்றார் துரை.

"இன்னொரு நாள் வேற எதுலயாச்சும் கெடும் தொரை. ஆலை மாடியில நேத்துப் பறிச்ச கொழுந்து வாடிக்கிட்டு இருக்கப்பவே இன்னிக்குக் கொழுந்தோட லாரி வந்து நிக்கும். அதான் கொழுந்து வாட்டுற தொட்டியில எப்பவும் ஒண்ணக் காலியா வப்போம். இங்கயும் புதுசு முழுசா வந்து சேர்ற வரைக்கும் பழசு அது எடத்துல இருக்கணும். ஆறு வருசம் அந்த வேலை பாத்துட்டு, இங்க வந்து மறந்துட்டேன்."

பெரிய கிராணி தொண்டையைச் செருமினார். துரை அவர் பக்கம் திரும்பவில்லை. டிஸ்க் கேட்டுத் தலைமை ஆபீசுக்கு என்னையே கடிதம் அடிக்கச் சொன்னார். கடிதத்தின் அடியில் மிஷினுக்குப் பொறுப்பாளர் யார் என்று குறிப்பிட வேண்டும். யார் பெயரைப் போடுவது என்று கேட்டேன்.

"போதும்னு சொன்னது தப்புன்னு தானா வந்து சொன்னவ பேரப் போடு" என்றார்.

என் பெயரை நானே இரண்டு முறை பிழையாக அடித்தேன்.