அண்ணியின் மடக்குப் பெட்டி

தக்காளி நிரம்பிய ஒரு பெட்டியை மொட்டை மாடியின் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துப் பிடித்தபடி நான் நிற்கிறேன். கீழே வாசலில் அண்ணி, முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, கண்ணுக்கு மேல் கையை வைத்து என்னை அண்ணாந்து பார்க்கிறார். "தள்ளாதப்பா, சும்மா வுட்டுடு. கை நழுவிப் போன மாதிரி இருக்கணும்" என்கிறார். நான் விட்டுவிட்டேன். பெட்டி ஒரு மூலையில் குத்தி விழுந்து பிளந்தது. தக்காளிகள் வாசல் முழுக்கச் சிதறி, சில தெருவரைக்கும் உருண்டன. எதிர்வீட்டு அம்மாள் கதவைத் திறந்து பார்த்து, எங்கள் வீட்டில் சண்டை என்றே முடிவு செய்திருப்பார். அண்ணி யாரையும் கவனிக்கவில்லை. பிளந்த மூலையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அதையெல்லாம் பொறுக்கு, தொக்கு போட்டுடலாம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்தக் கோடை முழுவதும் எங்கள் வீட்டில் தக்காளித் தொக்குக்குக் குறைவே இல்லை.

அண்ணி ஆரணிக்குப் பக்கத்தில் ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். பேக்கேஜிங் டிப்ளமோ படித்துவிட்டு, கல்யாணத்துக்கு முன்பு ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஓர் அட்டைப்பெட்டித் தொழிற்சாலையில் வடிவமைப்புப் பிரிவில் இருந்தவர். எந்த உதிரி பாகத்துக்கு எந்த அளவில், எங்கெங்கே மடிப்பு வைத்துப் பெட்டி வேண்டும் என்று கணினியில் வரைந்து கொடுக்கும் வேலை. அண்ணனைக் கட்டிக்கொண்டு அடி அண்ணாமலைக்கு வந்த பிறகு வேலை போயிற்று, பழக்கம் போகவில்லை. வீட்டுக்குள் எந்தப் பெட்டி வந்தாலும், அது பற்பசைப் பெட்டியாக இருந்தாலும் சரி, ஒட்டிய இடத்தை நகத்தால் பிரித்துத் தட்டையாக விரித்துப் பார்ப்பார். புதுச் சேலையைப் பிரித்துப் பார்ப்பதுபோல அதில் ஒரு நிதானம் இருக்கும். பார்த்து முடித்ததும் மறுபடி மடித்து, பிரித்த தடம் தெரியாமல் வைத்துவிடுவார்.

அண்ணனிடம் ஒரு சிறிய சரக்கு வண்டி இருந்தது. ஊரிலும் சுற்றுப்பட்டிலும் விளையும் தக்காளியையும் கத்திரிக்காயையும் ஏற்றிக்கொண்டு சென்னை மார்க்கெட்டுக்குப் போவார். காலிப் பெட்டிகளோடு திரும்புவார். காலிப் பெட்டி என்றால் கனம் இல்லை, ஆனால் இடம் அப்படியேதான் அடைக்கும். காயோடு போகும்போது வண்டியின் மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே நிற்கும் அடுக்கு, திரும்பும்போது மற்றவர்களின் பெட்டிகளும் சேர்ந்து கோபுரம்போல எழுந்துவிடும். காற்றடித்தால் ஆடும், கயிறு தளரும். ஒரு பிற்பகல் செஞ்சியைத் தாண்டி ஒரு டீக்கடையருகே வண்டியை நிறுத்தி, தளர்ந்த கயிற்றை இறுக்க அண்ணன் அந்த அடுக்கின்மேல் ஏறியிருக்கிறார். பெட்டிகளுக்கு நடுவே கால் இறங்கி, நிலை தடுமாறி, தார் ரோட்டில் விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை செய்து பிளேட் வைத்தார்கள். பல மாதம் படுக்கை, அதற்கப்புறம் ஊன்றுகோல்.

நான் அப்போது பட்டம் வாங்கிவிட்டு அரசுத் தேர்வுகளுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஓட்டுநர் உரிமம் இருந்ததால் வண்டி என் கைக்கு வந்தது. வீட்டில் யாரும் அதை ஒரு முடிவாகச் சொல்லவில்லை. சாவி ஆணியில் தொங்கியது, ஒரு நாள் நான் எடுத்துக்கொண்டேன். அண்ணன் செய்ததையே நானும் செய்தேன், அடுக்கின்மேல் ஏறுவது உட்பட. ஒரு முறை திரும்பி வந்து வீட்டு வாசலில் அப்படி ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது அண்ணி ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார். கீழே இறங்கி வந்ததும் காபி கொடுத்தார். "தெனமும் இந்த உயரந்தானா?" என்று கேட்டார். "சில நாள் இன்னும் ஜாஸ்தி அண்ணி" என்றேன். டம்ளரை வாங்கிக்கொண்டு உள்ளே போனார். மறுநாள் காலையில் பழைய தினசரிக் காலண்டரின் அட்டையைக் கத்தரித்து, உள்ளங்கையில் அடங்கும் ஒரு சின்னப் பெட்டி செய்து வைத்திருந்தார். விரலால் ஓர் ஓரத்தைத் தட்டினால் அது படுத்துக்கொண்டது.

மடங்கும் பிளாஸ்டிக் பெட்டிகள் அப்போதே கடைகளில் இருந்தன. பெரிய நிறுவனங்கள் வாங்கின. எங்கள் பக்கத்து விவசாயிக்கு அந்த விலை கட்டாது. போன பெட்டி திரும்பி வரும் என்ற நிச்சயமும் இல்லாதபோது யார் வாங்குவார்கள்? அண்ணி தனக்குத்தானே வைத்துக்கொண்ட நிபந்தனை அதுதான். தொலைந்தால் வயிறு எரியக் கூடாது, அந்த அளவுக்குக் கம்மியான விலையில் முடிய வேண்டும். நனைந்தால் கெடக் கூடாது, மேலே மேலே அடுக்கினால் நசுங்கக் கூடாது, ஓட்டுகிற ஆளே நொடியில் மடக்க வேண்டும். முதலில் மெழுகு பூசிய அட்டையில் செய்தார். ஒரே மழையில் அடி கழன்று, ஏற்றின காய் வண்டிக்குள்ளேயே கொட்டியது. பிறகு ஒட்டுப்பலகையும் கீலும் வைத்துப் பார்த்தார். உறுதியாக இருந்தது, ஆனால் அந்தக் கனத்தைத் தூக்க இன்னோர் ஆள் வேண்டும். மூன்றாவதாக அவர் கண்ணில் பட்டது, தேர்தல் முடிந்து தெருவில் கிடந்த விளம்பரத் தட்டிகள். உள்ளே வரிசையாகச் சின்னக் குழல்கள் ஓடும் பிளாஸ்டிக் ஷீட் அது. நனையாது, கனமில்லை. குழல்கள் நின்றவாக்கில் இருந்தால் பாரம் தாங்கும், படுத்தவாக்கில் இருந்தால் நசுங்கும் என்பதை அவர் தொழிற்சாலை நாட்களிலேயே அறிந்திருந்தார். அந்த மாதம் எங்கள் வாசலில் கிடந்த பெட்டிகளில் ஒன்றில் யாரோ ஒரு வேட்பாளரின் மீசை இருந்தது, இன்னொன்றில் கூப்பிய கைகள் மட்டும். ஆனால் மடிக்கும் இடம் சில நாட்களிலேயே வெளுத்து, வெடித்துவிடும். நான் மாடியிலிருந்து போட்டு உடைத்தவை பெரும்பாலும் இந்த ரகம்தான்.

இதெல்லாம் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. கட்டிலில் சாய்ந்தபடி, வாசலில் பெட்டி விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருப்பார். ஒரு மாலை அண்ணி சோறு போட்டுக்கொண்டிருந்தபோது தட்டைத் தள்ளி வைத்தார்.

"நான் வுழுந்தத ஊருக்கெல்லாம் பொட்டி செஞ்சி காட்டப் போறியா நீ?"

அண்ணி கரண்டியைக் குழம்புச் சட்டிக்குள்ளேயே வைத்தார். "நீங்க வுழுந்தத யாருங்க கேக்கறாங்க? அதே ஒசரத்துல இப்ப தம்பி ஏறுது. நான் அதத்தான் பாக்கறேன்."

"கவனமா ஏறுனா ஒண்ணும் ஆவாது. நான் கவனம் இல்லாம இருந்துட்டேன்."

"நீங்க கவனம் இல்லாத ஆளான்னு எனக்குத் தெரியாதா?" என்றார் அண்ணி. அண்ணன் தட்டை இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு பெட்டியைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. ஆனால் ஒரு பெட்டியைக்கூடத் தொட்டுப் பார்க்கவும் இல்லை. வழியில் கிடந்தால் ஊன்றுகோலால் ஓரமாகத் தள்ளிவிட்டுப் போவார்.

வழி கிடைத்தது பள்ளிக்கூடப் பை தைக்கும் கடையில். அண்ணனின் மருந்து வாங்க டவுனுக்குப் போயிருந்தோம். தேரடி வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில் பை தைக்கும் பாய் ஒருவர், பையின் தோள்பட்டைக்கு நைலான் நாடாவை வைத்து மெஷினில் ஓட்டிக்கொண்டிருந்தார். அண்ணி நின்றுவிட்டார். ஷீட்டை ஏன் மடிக்க வேண்டும்? அடித்தட்டையும் நான்கு பக்கங்களையும் தனித்தனித் துண்டாக வெட்டி, நாடாவால் சேர்த்துத் தைத்தால் மடங்குவது நாடாதான். ஷீட்டுக்கு வேலை இல்லை. நாடா எத்தனை முறை மடங்கினாலும் வெடிக்காது. பாய் ஷீட்டை வாங்கி வளைத்துப் பார்த்தார். "ஊசி எறங்கும்மா. ஆனா தையல் ஓரமா போனா கிழிஞ்சிரும். ரெண்டு வெரக்கட உள்ள தள்ளித்தான் போடணும்" என்றார். அண்ணி அங்கேயே ஒரு முக்காலியில் உட்கார்ந்து அளவைத் திருத்தி வரைந்தார். விளிம்புகள் வளையாமல் இருக்க மூங்கில் பட்டை. மூலைகளில் சின்ன மூங்கில் முளையும் நாடா வளையமும். வளையத்தை மாட்டினால் பெட்டி நிற்கும், கழற்றினால் படுத்துவிடும். அந்தப் பெட்டியை மாடியிலிருந்து போட்டபோது மூலை கொஞ்சம் நசுங்கியது, அவ்வளவுதான். தக்காளிகளில் சில அடிபட்டன. "தக்காளிக்கு நான் ஒண்ணும் பண்ண முடியாது" என்று அண்ணி சிரித்தார்.

ஒரு வண்டிக்கு வேண்டிய பெட்டிகள் தயாராகி, காயோடு சென்னைக்குப் போயின. இறக்கினேன், மண்டியில் விட்டேன், மறுநடையில் மடித்து எடுத்துக்கொள்ளலாம் என்று வந்தேன். மறுநடையில் பாதிப் பெட்டிகள் இல்லை. அதற்கடுத்த நடையில் அநேகமாக ஒன்றுமே இல்லை. பழைய பெட்டிகளில் ஒன்றிரண்டு தொலையும், இப்படி மொத்தமாகக் காணாமல் போனதில்லை. அண்ணியிடம் சொன்னபோது நம்பவில்லை, அடுத்த நடைக்கு என்னோடு கிளம்பிவிட்டார். மண்டிக்காரர் கையை விரித்தார். "நான் இன்னாம்மா பண்றது? பொட்டி சோக்கா இருக்குது. ஆளுக்கு ஒண்ணு மடிச்சி கக்கத்துல வச்சிக்கினு பூட்டாங்க."

அண்ணி மார்க்கெட்டைச் சுற்றி வந்தார், நானும் பின்னால் போனேன். ஒரு டீக்கடையில் எங்கள் பெட்டியில் கண்ணாடி டம்ளர்கள் இருந்தன. கறிவேப்பிலை விற்கும் ஓர் அம்மாள் தன் துணிமணிகளையும் சாப்பாட்டுத் தூக்கையும் அதில் வைத்திருந்தார். அண்ணி அவர் எதிரில் குந்தி உட்கார்ந்து பெட்டியைத் தடவிப் பார்க்கவும், அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. "உன்னுதாம்மா? கீய கெடந்துச்சி, எட்த்தேன். இந்தா" என்று பொருள்களை வெளியே எடுக்கத் தொடங்கினார். "வேணாம்மா, நீயே வச்சிக்கோ. எங்கயாவது தையல் பிரிஞ்சிதா, அத மட்டும் சொல்லு" என்றார் அண்ணி. திரும்பும் வழியெல்லாம் நான் நஷ்டத்தை நினைத்துக்கொண்டு ஓட்டினேன். அண்ணி வெளியே பார்த்தபடி வந்தார். திண்டிவனம் தாண்டியதும், "திருடற அளவுக்கு நல்லா இருக்குது இல்ல?" என்றார். அந்தக் குரலில் இருந்தது வருத்தமில்லை.

அடுத்து அவர் செய்தது இரண்டு காரியம். வண்டிக்கான பெட்டிகளின் அடியிலும் பக்கங்களிலும், தக்காளி மட்டும் விழாத அளவுக்குப் பெரிய பெரிய ஓட்டைகள் போட்டார். காய்க்குக் காற்றும் போகும், டம்ளரும் துணியும் வைக்க ஆசையும் வராது. காணாமல் போவது நிற்கவில்லை, கம்மியானது. ஓட்டையில்லாத பெட்டிகளை விலைக்கு விற்றார். எங்கள் வீட்டிலிருந்து பார்த்தாலே கிரிவலப் பாதை. பௌர்ணமிக்குப் பௌர்ணமி வளையலும் பொம்மையும் கிழங்கும் பூஜைச் சாமானும் விற்க எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து கடை போட்டு, விடிந்ததும் காலி மூட்டைகளோடு பஸ் ஏறுவார்கள். அவர்களுக்கு இந்தப் பெட்டி தோதாக இருந்தது. வரும்போது சரக்கு, வியாபாரத்தின்போது மேஜை, போகும்போது கக்கத்தில் ஒரு தட்டி. பாய் தன் கடையில் இன்னொரு மெஷின் போட்டார். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஷீட் வெட்டவும் மூங்கில் சீவவும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். அண்ணன் கட்டிலைப் பின்கட்டுக்கு மாற்றிக்கொண்டார்.

அப்புறம் ஒரு நாள், வீட்டிலேயே இருந்து சலித்துப் போனவராக, "நானும் வரேன், மண்டியில பழைய ஆளுங்கள பாத்து ரொம்ப நாளாச்சி" என்று வண்டியில் ஏறிக்கொண்டார். மார்க்கெட்டில் எல்லோரும் அவரைச் சுற்றிக்கொண்டார்கள். ஊன்றுகோலைப் பார்த்தார்கள், யாரும் அதைப் பற்றிக் கேட்கவில்லை. நான் பெட்டிகளை மடித்து ஏற்றிவிட்டுக் கயிற்றைத் தேடினேன். கயிறு அண்ணன் கையில் இருந்தது. மடித்த பெட்டிகள் வண்டியின் பக்கப்பலகைக்குக் கீழேயே அடங்கிக் கிடந்தன. "அவ்ளோதானா?" என்றார். "அவ்ளோதான்" என்றேன். ஊன்றுகோலை வண்டியின்மேல் சாய்த்து வைத்தார். ரோட்டில் நின்றபடியே தார்ப்பாயை இழுத்துவிட்டு, கயிற்றை ஒரு பக்கம் மாட்டி, பலகையைப் பிடித்துக்கொண்டு மெதுவாக மறுபக்கம் போய், தன் பழைய முடிச்சைப் போட்டார். நான் உதவிக்குப் போகவில்லை. போயிருந்தால் திட்டியிருப்பார்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணி தட்டு வைத்தார். அண்ணன் கை கழுவிவிட்டு உட்கார்ந்தார். "கயிறு ஜாஸ்தியா மிஞ்சிப்போச்சி" என்றார். "மிஞ்சுனா நல்லதுதானே" என்று அண்ணி குழம்பு ஊற்றினார். பெட்டியைப் பற்றி அவர்களுக்குள் வேறு பேச்சு நடந்ததாக எனக்குத் தெரியாது. மறு வாரத்திலிருந்து கட்டில் முன்கட்டுக்கு வந்துவிட்டது. வெட்டிய ஷீட்டுகளை அளவு பார்த்து அடுக்கும் வேலையை அண்ணன் எடுத்துக்கொண்டார். சிறிது காலம் கழித்து மருத்துவர் அனுமதித்த பிறகு வண்டியையும் எடுத்துக்கொண்டார். நான் தேர்வு எழுதி, கலெக்டர் அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்தேன்.

சில ஆண்டுகள் அந்தப் பெட்டி நன்றாகவே போயிற்று. இப்போது செய்வதில்லை. தொழிற்சாலையில் அச்சில் வார்த்த மடக்குப் பெட்டிகள் விலை குறைந்து எல்லாக் கடைகளிலும் தொங்குகின்றன. சிவப்பு, நீலம் என்று பார்க்கவும் அழகாக இருக்கின்றன. பௌர்ணமிக் கடைக்காரர்கள் மெல்ல மெல்ல அவற்றுக்கு மாறிவிட்டார்கள். பாய் மறுபடி பைகள் தைக்கிறார். அண்ணிக்கு வருத்தம் இருக்கும் என்று நினைத்து நான் அந்தப் பேச்சையே எடுக்காமல் இருந்தேன். போன மாதம் செங்கம் ரோட்டில் ஒரு பிளாஸ்டிக் சாமான் கடைக்கு என்னை அழைத்துப் போனார். நீலப் பெட்டி ஒன்றை எடுத்து விரித்தார், மடக்கினார், மறுபடி விரித்தார். கீலில் கட்டை விரலை வைத்து அழுத்திப் பார்த்தார். தலைகீழாகக் கவிழ்த்து அடியைப் பார்த்தார். கடைக்காரர் எரிச்சலோடு பார்க்கும் அளவுக்கு நேரமாயிற்று.

"நல்லா செஞ்சிருக்காங்கப்பா" என்றார்.

"உங்களுது மாதிரி வருமா அண்ணி" என்று நான் ஏதோ ஆறுதலாகச் சொன்னேன். அவர் என்னை விநோதமாகப் பார்த்தார். "என்னுதுல நாடா நனைஞ்சா கனம் ஏறும். இது லேசு. உங்கண்ணனுக்குத் தூக்க சௌகரியமா இருக்கும்" என்று சொல்லிவிட்டு, கடைக்காரர் பக்கம் திரும்பி, ஒரு வண்டிக்கு எத்தனை தேவைப்படுமோ அத்தனையும் எடுத்துவைக்கச் சொன்னார்.