பன்சலையில் முன் வரிசை

பாலாவிச் சந்திக்குக் கிட்டவுள்ள பௌத்தப் பன்சலையில் புதிதாகக் கட்டிய போதனை மண்டபத்தைப் பார்த்ததுமே எனக்கு எரிச்சல் வந்தது. கீழே வழுவழுத்த மாபிள், மேலே கொங்கிறீட். கண்ணுக்கு அழகு, காதுக்குக் கேடு. நான் இந்தப் பக்கத்துப் பள்ளிவாசல்களுக்கெல்லாம் மைக் பூட்டுகிறவன். அங்கே விரித்திருக்கும் கம்பளம் எதிரொலியைக் குடித்துவிடும். இங்கே யாராவது தும்மினால் அது சுவருக்குச் சுவர் போய்த் திரும்பி வரும்.

என்னைக் கூப்பிட்டவர் பெரிய ஹாமதுரு. வயதான பிக்கு, குரல் மெலிந்துவிட்டது. நோன்பு மாதத்தில் என் ஒலிபெருக்கிக் கடைக்கு வந்தால், நான் பட்டினியாக இருக்கிறேன் என்று ஒரு வாய் தேநீர்கூடக் குடிக்கமாட்டார். அதனாலேயே அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

"சனத்துக்குக் கேக்கிறதில்ல, நானா," என்றார். "இந்தப் போயாவுக்கும் கேக்காட்டி நான் நிப்பாட்டுறது. வேற ஹாமதுரு வந்து சொல்லட்டும்."

அவர் போதனை சொல்லாத பன்சலையை நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை. ஒலிபெருக்கிகளை இடம் மாற்றிப் பார்த்தேன். சத்தத்தைக் கூட்டினால் இரைச்சல், குறைத்தால் முணுமுணுப்பு.

பௌர்ணமிப் போயா அன்று வெள்ளை உடுத்து வந்த சனம், ஹாமதுருவின் ஆசனத்திலிருந்து மரியாதையாகத் தள்ளி, சுவரோரமாகப் பாய் விரித்து உட்கார்ந்தது. நடுவில் வெறும் மாபிள் பளபளத்தது. எதிரொலியைக் குடிக்கக் கம்பளம் இல்லாத இடத்தில் மனிதர்களாவது இருக்கவேண்டாமா? எனக்குப் பொறுக்கவில்லை. மைக்கைப் பிடித்தேன். அவசரத்தில் சிங்களம் வரவில்லை, வெள்ளிக்கிழமை தோறும் கேட்டுப் பழகியதுதான் வாயில் வந்தது.

"முன் ஸஃப நெரப்புங்க. எடவெளி வுடாதீங்க."

ஸஃப் என்றால் தொழுகை வரிசை. சொன்ன பிறகுதான் எங்கே நிற்கிறேன் என்பது உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

பள்ளிவாசல் அங்கிருந்து ஒரு கூவல் தூரம். இந்தச் சொல்லை அந்தச் சனம் எத்தனை வெள்ளிக்கிழமை கேட்டிருக்கும். சுவரில் சாய்ந்திருந்த ஒரு சிங்களப் பெண் சிரித்தபடி பாயைச் சுருட்டிக்கொண்டு முன்னால் வந்தாள். மற்றவர்களும் வந்து முழங்காலோடு முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். ஹாமதுரு கையிலிருந்த விசிறிக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டார். விசிறி குலுங்கியது.

பிறகு பேசத் தொடங்கினார். அதே மெலிந்த குரல்தான். மண்டபத்தின் பின்கோடியில் நின்ற எனக்கு ஒவ்வொரு சொல்லும் தனித்தனியாகக் கேட்டது. சனம் "சாது, சாது" என்று ஆமோதித்தபோது என் கண் கலங்கிவிட்டது.

இன்றும் அவர்தான் போதனை சொல்கிறார். போயா மாலைகளில் என் கடை வரைக்கும் அந்தக் குரல் வரும். தொடங்குமுன் சிங்கள வாடையடிக்கும் தமிழில் சொல்வார்:

"முன் ஸஃப நெரப்புங்க. எடவெளி வுடாதீங்க."