ஆண்கள் போடும் சென்ட்

பிள்ளைகளே, மேசை லாச்சியில் கிடக்கும் சென்ட் போத்தலை நான் ஏன் போடுவதில்லை என்று கேட்டீர்கள். வாயால் சொல்ல வரவில்லை. எழுதுகிறேன்.

பெரியவள் வகுப்பில் முதலாவதாக வந்த வருடம், பரிசளிப்புக்கு எங்கள் இருவரையும் வரச் சொல்லியிருந்தார்கள். நானும் உங்கள் அம்மாவும் இறப்பர் பால் வெட்டுகிறவர்கள். எத்தனை தரம் குளித்தாலும் ஒட்டுப்பாலின் புளித்த நாற்றம் நகக்கண்ணில் நிற்கும். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்கள் ஜன்னலைத் திறந்தால், காணாததுபோல இருப்போம். அதனால் அன்று காலை புளத்கொகுபிட்டிய டவுனில் இறங்கியதும் முதலில் சென்ட் கடைக்குத்தான் போனோம்.

கடைக்கார முஸ்லிம் நானா ஆண்களுக்கான இரண்டு போத்தல்களை எடுத்து, என் இடது மணிக்கட்டில் ஒன்றையும் வலதில் மற்றதையும் அடித்தார்.

“இது சந்தனம், ஸொஃப்டா ஈக்கும். மத்தது ஸ்ட்ரோங். நீங்க வார முந்தியே வாசம் வந்துரும்.”

மற்றது, காலையில் வேலை பிரிக்கும்போது எங்களைக் கடந்து போகும் தோட்டத்து அதிகாரி சின்னத்துரையின் வாசம்.

அம்மா என் கைகளை மாறி மாறி முகர்ந்தாள். “சந்தனமே நல்லாருக்குங்க. இத வாங்குனா நானும் கொஞ்சம் போட்டுக்கலாம்ல” என்று தன் மணிக்கட்டை நீட்டினாள்.

கடையில் இன்னும் இரண்டு பேர் நின்றார்கள்.

“இது ஆம்பளைங்க போடுறது. ஒனக்கு எதுக்கு?” என்றேன்.

அவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அம்மா கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். நான் சின்னத்துரையின் வாசத்தையே வாங்கி, சட்டை நனைய அடித்துக்கொண்டேன்.

பள்ளிக்கூட கேட்டில் அம்மா நின்றுவிட்டாள். “நீங்க போங்க. நான் இங்கனயே நிக்கிறேன்.”

ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாள் என்று தெரியும்.

மண்டபத்தில் டீச்சர், “அம்மா வரலையா?” என்றார்.

“வேலைங்க டீச்சர்” என்றேன்.

பெரியவள் பக்கத்தில் நின்றதை நான் கவனிக்கவில்லை. “அம்மா கேட்டுக்கு வெளிய நிக்கிறாங்களேப்பா” என்றாள்.

டீச்சர் கையிலிருந்த பட்டியலைப் பார்த்தார். என் சட்டையிலிருந்து சின்னத்துரையின் வாசம் எனக்கே அடித்தது. மகள் பரிசை வாங்கியதும் என்னிடம் வரவில்லை; நேரே கேட்டுக்குப் போனாள்.

வீட்டுக்கு வந்ததும் போத்தலை அம்மாவிடம் நீட்டினேன். “நீயும் போடு.”

“ஆம்பளைங்க போடுறதுதானேங்க” என்றாள். கோபம் இல்லை. கறியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்.

அடுத்த வாரம் சந்தனம் வாங்கப் போனேன். அன்று சிரித்தவர்களில் ஒருவர் கடைக்குள் இருந்தார். வாசலோடு திரும்பிவிட்டேன். அதற்குப் பிறகு போகவில்லை.

இந்தத் தாளை முதலில் அம்மாவிடம் கொடுக்கப் போகிறேன். அவள் படித்துவிட்டுத் தந்தால்தான் உங்களுக்கு.